ஐந்து வாக்கியக் கடிதமும் 608 மேற்கோள்களும்

ஒரு ஆராய்ச்சியாளர் எவ்வளவு பெரியவர் என்பதை எதை வைத்து அளக்கிறார்கள் தெரியுமா நண்பர்களே?

அவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணித்தான். இதுக்குப் பேர் சைட்டேஷன். தமிழில் மேற்கோள். வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி என எல்லாத்துலயும் இந்தக் கணக்கு வந்து நிற்கும்.

இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது, எங்கே தடம் புரண்டது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

கதை டாக்டர்களிடம் ஆரம்பிக்கல, வக்கீல்களிடம் ஆரம்பிக்குது.

1873ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஃப்ராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு பட்டியல் வெளியிடத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்த நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டின என்ற விவரம் அதில் இருக்கும். பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடும் முன், அது இன்னும் செல்லுமா, மேல் கோர்ட்டில் ரத்தாகிவிட்டதா என்று வக்கீல் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதை முன்மாதிரியாக வைத்து, அறிவியலுக்கும் இப்படி ஒரு அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955ல் சயின்ஸ் இதழில் எழுதினார். அவர் சொன்ன காரணத்தைக் கவனிங்க. ஒரு கட்டுரையில் தவறோ மோசடியோ இருந்து, பின்னால் வந்தவர்கள் அதை விமர்சித்திருந்தால், அது தெரியாமல் யாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டக் கூடாது. இதுதான் நோக்கம்.

1964ல் பிலடெல்பியாவில் இருந்த அவரது நிறுவனம் சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸை வெளியிட்டது.

தேடுவதற்காகச் செய்த கருவி, மெல்ல மெல்ல மார்க் போடும் கருவியாக மாறியது. முதலில் இதழ்களுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் வந்தது. 2005ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் தனி ஆட்களுக்கே ஒரு எண் கொடுத்தார். அதுதான் ஹெச் இன்டெக்ஸ். உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது வாங்கியிருந்தால், உங்க மார்க் 20.

இதுல இணை ஆசிரியர் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு கட்டுரையை 2 பேர் எழுதினாலும் 200 பேர் எழுதினாலும், மேற்கோள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசா ஏறும். 2015ல் ஹிக்ஸ் போசானின் நிறையை அளந்து வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்! அத்தனை பேர் உழைப்பும் உண்மையாக இருக்கலாம். ஆனா யார் என்ன செய்தார் என்பதை எண்ணிக்கை சொல்லாது.

சரி, இது பேராசிரியர்கள் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா?

இங்கதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருது.

1980 ஜனவரி. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்கு பாஸ்டனைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் ஒரு கடிதம் எழுதினார்கள். ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் சேர்ந்து, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்தை ஒரு முறையாவது பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்தார்களாம். முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருந்தது.

கவனிங்க, இவர்கள் எல்லாம் வார்டில் இருந்தவர்கள். வார்டில் மருந்தைக் கொடுப்பது நர்ஸ். அதே மருந்தை வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரையாகப் போட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கடிதம் பேசவே இல்லை.

1996ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு இந்தக் கடிதத்தின் மேற்கோள்களும் எகிறின.

2017ல் கனடா ஆய்வாளர்கள் அந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் படித்து அதே இதழில் கணக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 608. அதே காலத்தில் அங்கே வந்த மற்ற கடிதங்கள் 11 சுமாருக்குத்தான் வாங்கியிருந்தன.

608ல் 439 கட்டுரைகள், ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு இந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டின. 491 கட்டுரைகள், அவர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருந்த நோயாளிகள் என்பதைச் சொல்லவே இல்லை.

ஐந்து வாக்கியம். ஒரு நிமிஷம் கூட ஆகாது படிக்க!

1999 முதல் 2015 வரை டாக்டர் சீட்டில் எழுதித்தரும் ஓபியாய்டுகளால் அமெரிக்காவில் 1,83,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்கு ஒரு கடிதம் மட்டும் காரணமில்லை. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று தவறாக விளம்பரம் செய்த குற்றத்தை, ஆக்ஸிகான்டினை விற்ற பர்டூ நிறுவனத்தின் தரப்பு 2007ல் ஒப்புக்கொண்டது. ஆனால் சீட்டு எழுதிய பல டாக்டர்களுக்கு "பயப்பட வேண்டாம்" என்ற தைரியத்தைக் கொடுத்ததில் அந்த 608க்கும் பங்கு உண்டு.

மார்க் கணக்கில் பார்த்தால் இந்தக் கடிதம் சூப்பர் ஹிட். கார்ஃபீல்டு எதைத் தடுக்க நினைத்தாரோ அதுவே நடந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவர் காட்டிய வழியில்தான். மேற்கோள்களைப் பின்தொடர்ந்து போய்ப் படித்ததால் உண்மை வெளியே வந்தது. எண்ணியதோடு விட்டிருந்தால் வந்திருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் வலிக்கு, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கப்படும் மார்ஃபின் பெரிய வரம். இதைப் படித்துவிட்டு அதை யாரும் நிறுத்திடாதீங்க.

இனி "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் எது வந்தாலும், எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்க்காதீங்க. மூன்று கேள்வி கேளுங்க. யாரை ஆய்வு செய்தார்கள்? எவ்வளவு காலம்? பின்னால் வந்தவர்கள் அதை ஏற்றார்களா, மறுத்தார்களா?

அதே மூன்று கேள்வியை உங்க டாக்டரிடமும் கேட்கலாம். தப்பே இல்லை.