குடிலுக்கு அருகே கல்லறை

2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்ப விழா. கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடத் திரண்ட திருப்பயணிகளால் வேளாங்கண்ணி நிறைந்திருந்தது. குழந்தையோடு எகிப்துக்குத் தப்பியோடிய குடும்பமே அன்றைய நற்செய்தி. அக்காலையில் ஆழிப்பேரலை எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் விழா. நம் கடலோரமோ தன் குழந்தைகளை அடக்கம் செய்துகொண்டிருந்தது.

திருவழிபாடு மகிழ்ச்சியையும் துயரையும் பிரித்து வைப்பதில்லை. குடிலுக்கு அருகிலேயே கல்லறையையும் காட்டுகிறது. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி என்பதே பொருள். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் ஆண்டவர் தாமே நன்றி கூறினார். அதைப் பிறர்மீது சுமத்தவில்லை. ஆகவே, இழந்தோரிடம் நன்றியைக் கேட்க நமக்கு உரிமையில்லை. விழா நாளில் அவர்களருகே அமர்ந்து, அவர்களால் கூற இயலாத நன்றியை அவர்களுக்காக நாம் கூறுவோம். எதிர்நோக்கு அங்கேதான் பிறக்கிறது.