கடவுள்: சொல்லும் சான்றும்

கடவுள் என்னும் சொல்லைக் ‘கட’, ‘உள்’ எனப் பிளந்து, எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றினுள்ளும் இருப்பவன் என்று பொருள் கூறும் வழக்கம் சமய மேடைகளில் உண்டு. கிறித்தவ மறையுரைகளும் இதை ஏற்றுக்கொண்டன. படைப்புக்கு அப்பாலும் படைப்பினுள்ளும் இருக்கும் ஒரே இறைவனைத் தமிழர் அறிந்திருந்தமைக்கு இச்சொல்லே சான்று என்பது வாதம். கோட்பாடு ஆழமானது, பிரிப்பு பிழை.

இங்குள்ள ‘உள்’ இடத்தைக் குறிப்பதன்று, பெயர் விகுதி. செய்யுள், குறளில் வரும் விக்குள் ஆகியன அவ்விகுதி பெற்றவை. செய்யுளுக்குச் ‘செய்து உள்ளே இருப்பது’ என்று எவரும் உரை கண்டதில்லை. கடவுளுக்கு மட்டும் வேறு இலக்கணம் கிடையாது.

முதனிலை ‘கடவு’, ‘கட’ என்பதன் பிறவினை. தேர் கடவுதல் என்றால் தேரைச் செலுத்துதல். கடவு என்பதற்கு வழி என்றும் பொருளுண்டு. இலங்கைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் கடவுச்சீட்டும் ரயில் கடவையும் இக்குடும்பத்தினவே.

இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்வது ‘இயவுள்’ என்னும் சொல். திருமுருகாற்றுப்படை முருகனை இச்சொல்லால் விளிக்கிறது. இயவு என்றால் வழி. இயவு + உள் = இயவுள். வழியைக் குறிக்கும் இரு சொற்கள், ஒரே விகுதி, இரண்டும் இறைவன் பெயர். இதைத் தற்செயல் என்பவர் இயவுளுக்கும் ஓர் ‘உள்ளே’யைக் காட்டியாக வேண்டும்.

பழைய ஆட்சிகளும் ‘கடந்தவன்’ என்னும் பொருளுக்கு இடம் தருவதில்லை. நற்றிணை 83இல் ஊர் வாயிலில், உண்ணுநீர்த் துறையருகே முதுமரம் ஒன்று நிற்கிறது. கடவுள் உறையும் அம்மரத்தில் கூகையும் வாழ்கிறது. இரவில் குழறாதிருக்கும்படி தோழி அதை வேண்டுகிறாள். ஊரார் நீருண்ணும் துறையில் குடிகொண்ட தெய்வம் அது. மதுரைக்காஞ்சியில் ஓரிடத்தில் வரும் ‘கடவுள்’ அகத்தியரே என்பது நச்சினார்க்கினியர் உரை. முனிவர் அனைத்தையும் கடந்த பரம்பொருள் அல்லர். வழிசெலுத்தும் தலைவர் ஆவார்.

இனி, கிறித்தவ நூல்கள் இச்சொல்லை நம்பித் தொடங்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான என்றிக்கே என்றீக்கசின் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1606இல் மதுரைக்கு வந்து, நியாயத்தின் வழியே இறையுண்மையை நிறுவ முயன்ற தத்துவ போதகர் நோபிலி ‘சருவேசுரன்’ என்றார். விவிலிய மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுசு ‘பராபரன்’ என்றார். 1871ஆம் ஆண்டு விவிலியத் திருத்தப் பதிப்பில் ‘தேவன்’ வந்தது. 1995இல் வெளியான திருவிவிலியம் ‘கடவுள்’ என வழங்குகிறது.

இறையுண்மைக்கான வாதத்தோடு பொருந்தும் சொற்பொருள் வேண்டுவோர் இறையியலாளர் தாமசு அக்குவினாசை நோக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் அவர் கூறிய ஐந்து வழிகளில் முதலாவது இயக்கம் பற்றியது. இயங்குவது எதுவும் பிறிதொன்றால் இயக்கப்படுகிறது. அத்தொடர் முடிவின்றிப் பின்செல்ல இயலாது. ஆகவே பிறிதொன்றால் இயக்கப்படாத முதல் இயக்குநன் ஒருவன் உண்டு, அவனே இறைவன். இயக்குதலும் கடவுதலும் ஒன்றே. ஆயினும் அவ்வாதத்தின் வலிமை அதன் தருக்கத்தில் உள்ளது. எந்த மொழியின் சொற்பிறப்பும் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கடவு + உள் என்பதே நேரிய பிரிப்பு. அகராதிகளும் பாடநூல்களும் மறையுரைகளும் இனி அதையே தரல் வேண்டும்.