பொதுக் கருவூலமும் தனிப்பெட்டியும்: அமெரிக்கத் தீயணைப்பு மாவட்டங்களின் வரலாறு

அமெரிக்க உள்ளாட்சி பற்றிய எழுத்துகளில் வரும் ‘தீயணைப்பு மாவட்டம்’ என்ற தொடர் தமிழ் வாசகரைச் சற்றுத் தடுமாற வைக்கும். ஆட்சியர் தலைமையில் பல துறைகள் இயங்கும் நம் மாவட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தீயணைப்பு என்ற ஒரு பணிக்காகவே எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் வரி திரட்டும் உரிமையும் தனக்கென நிர்வாகக் குழுவும் பெற்ற குட்டி அரசாங்கம் அது. நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாவட்டங்கள் இப்படி இயங்குகின்றன. நகரத் தீயணைப்புத் துறையோ நகராட்சியின் பல துறைகளுள் ஒன்று. சாலை, பூங்கா, காவல், நூலகம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே கருவூலத்தின் முன் அது கையேந்தி நிற்கிறது. இரண்டு அமைப்புகளின் வண்டிகளும் சீருடையும் பயிற்சியும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், வேறுபாடு பெயரளவில்தான் என்று எண்ணத் தோன்றும். வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அந்த எண்ணம் நிலைக்காது. ஓர் ஊரில் எத்தனை தீயணைப்பு நிலையங்கள் திறந்திருக்கும் என்பதை, அதற்கான பணம் எந்தப் பெட்டியில் விழுகிறது, அந்தப் பெட்டியின் அளவு எந்த ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டது என்ற இரண்டுமே பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

நகரத் துறையின் தோற்றம் ஓரளவு அறிந்த கதை. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் முன்னின்று தொடங்கிய தன்னார்வக் குழுவைப் போன்றவைதான் நூறாண்டுக்கு மேல் அமெரிக்க நகரங்களைக் காத்தன. 1853இல் சின்சினாட்டி நீராவி இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு, சம்பளம் பெறும் வீரர்களைக் கொண்ட துறையை அமைத்தது. இயந்திரம் கைப்பம்பை இழுத்த பலரின் உழைப்பைத் தேவையற்றதாக்கியது. அதே வேளையில் அதை வாங்கிப் பராமரிக்க நிலையான வருமானம் தேவைப்பட்டது. நியூயார்க்கில் 1865இல் இம்மாற்றத்தைச் செய்தது நகரமன்றம் அல்ல, மாநிலச் சட்டமன்றம். அது ஏற்படுத்திய அமைப்பின் பெயரே ‘பெருநகரத் தீயணைப்பு மாவட்டம்’. 1870இல்தான் அந்த அதிகாரம் நகரத்தின் கைக்குத் திரும்பியது. நகரம்தான் தீயை அணைக்க வேண்டும் என்பது தொன்றுதொட்ட விதி அல்ல, அரசியல் போட்டியில் எட்டிய முடிவு என்பதற்கு இதுவே சான்று.

நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்களின் சிக்கல் வேறு. அங்கே வீடு உண்டு, களஞ்சியம் உண்டு, தீயும் உண்டு. வரி திரட்ட ஊராட்சி மட்டும் இல்லை. மாநிலத்தின் உட்பிரிவுகளான கவுண்டிகளின் நிர்வாகங்களோ சட்டத்தின் வரிவரம்பாலும் கடன்வரம்பாலும் கட்டப்பட்டிருந்தன. இல்லினாய் மாநிலத்தின் 1870ஆம் ஆண்டு அரசமைப்பு, ஓர் உள்ளாட்சியின் கடன் அதன் சொத்து மதிப்பில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. வரம்பு ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனி என்பதால், புதிய தேவைக்குப் புதிய அமைப்பையே உருவாக்குவது வழியாயிற்று. அம்மாநிலத்தின் தீயணைப்பு மாவட்டச் சட்டம் 1927இல் வந்தது. கலிபோர்னியாவும் 1923, 1961, 1987 எனத் திரும்பத் திரும்பச் சட்டம் இயற்றி இவ்வடிவத்தைச் செப்பனிட்டது. மாவட்டம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை டென்னசி மாநிலத்தின் ஒபியன் கவுண்டி 2010இல் காட்டியது. எல்லைக்கு வெளியே இருந்தவர்களிடம் சவுத் புல்டன் நகரம் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வாங்கிவந்தது. சந்தா கட்டாத ஒரு வீடு எரிந்தபோது, பணம் கட்டியிருந்த அண்டை வீட்டாரின் நிலத்தைக் காக்க வந்த வண்டி, எரியும் வீட்டின் மீது நீர் பாய்ச்சவில்லை. தீயணைப்பை விருப்பச் சந்தாவாக விடக் கூடாது, எல்லோரிடமும் வரியாகப் பெற வேண்டும் என்ற மாவட்டக் கொள்கையின் நியாயத்துக்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆயினும் தனிப்பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்டியைப் பூட்டியவர் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால், உள்ளே இருப்பவர் பெட்டியைப் பெரிதாக்க முடியாது. கலிபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடக்கியது. அந்த ஒற்றை விழுக்காட்டைக் கவுண்டி, நகரம், பள்ளி, சிறப்பு மாவட்டங்கள் எப்படிப் பகிர்வது என்பதை மறு ஆண்டு வந்த சட்டம், பெரும்பாலும் அவை முன்பு பெற்றுவந்த பங்கின் அடிப்படையிலேயே உறையவைத்தது. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே கான்ட்ரா கோஸ்டா கவுண்டியின் கீழைப் பகுதி அப்போது வயலும் தோப்புமாக இருந்தது. தன்னார்வலர்களே தீயை அணைத்தார்கள். செலவு குறைவு, பங்கும் குறைவு. பின்னர் புறநகர் பெருகியது. 1990இல் ஏறத்தாழ 7,500 பேர் வாழ்ந்த பிரென்ட்வுட் நகரில் 2020இல் 64,000 பேர். 2002இல் மூன்று சிறு மாவட்டங்கள் இணைந்து கிழக்குக் கான்ட்ரா கோஸ்டா தீயணைப்பு மாவட்டமாயின. எட்டு நிலையங்களாக இருந்தவை பின்னர் மூன்றாகச் சுருங்கின. ஏறத்தாழ 645 சதுர கிலோமீட்டர் பரப்புக்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கும் மூன்று நிலையங்கள்! தன்னார்வலர் காலத்துப் பங்கைக் கொண்டு சம்பள வீரர்களை நிறுத்த முயன்றதன் விளைவு இது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். கூடுதல் வரியை அப்பகுதி வாக்காளர்களே நிராகரித்தார்களே என்பது முதலாவது. உண்மைதான்; 2012, 2015, 2016 ஆகிய ஆண்டுகளின் முயற்சிகள் தோற்றன. ஆனால் அண்டை ஊரார் கட்டும் அதே ஒரு விழுக்காட்டைத்தான் அவர்களும் கட்டிவந்தார்கள். அதில் தீயணைப்புக்குப் போகும் பங்கு குறைவு என்பது வரிச்சீட்டைப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. ஏற்கெனவே கட்டிய வரியை இன்னொரு முறை கேட்கிறார்கள் என்று அவர்கள் கருதியிருந்தால், அந்தக் கருத்தில் பிழை காண்பது கடினம். இரண்டாவது மறுப்பு, பணத்தை ஆண்டுதோறும் மாற்றி ஒதுக்கும் நகரத் துறையே மேல் என்பது. ஆனால் அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உள்ள வலேஹோ நகரம் 2008இல் திவால் மனு கொடுத்தபோது, பொதுநிதியில் சுமார் முக்கால் பங்கைக் காவலும் தீயணைப்பும் எடுத்துக்கொண்டிருந்தன. அங்கும் நிலையங்கள் மூடப்பட்டன. பொதுக் கருவூலம் நெகிழ்வானது, ஆனால் அது வற்றும்போது எல்லாத் துறைகளையும் சேர்த்தே வற்றவைக்கிறது. ஆகவே பணத்தை ஒரு பணிக்கென ஒதுக்கி வைத்ததில் குறை இல்லை. ஒதுக்கிய அளவை 1970களின் நிலவரத்தில் நிறுத்திவிட்டதே குறை.

மக்களாட்சி சார்ந்த கேள்வி ஒன்றும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் தீயணைப்பு மாவட்ட ஆணையர் தேர்தல் டிசம்பர் இரண்டாம் செவ்வாயன்று, பொதுத்தேர்தலிலிருந்து விலகித் தனியே நடக்கிறது. வரி விதிக்கும் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளை ஊர் கவனிக்காத நாளில் வைப்பது சரியன்று. இந்தக் குறை தேர்தல் நாட்காட்டியைச் சேர்ந்தது. மாவட்டம் என்ற வடிவத்தைச் சேர்ந்ததல்ல. அந்த வடிவம் நகரங்களுக்கும் பொருந்தும்: ஒரேகான் மாநிலத்தின் டுவாலட்டின் பள்ளத்தாக்குத் தீயணைப்பு மாவட்டம் பீவர்ட்டன், டைகார்ட் உள்ளிட்ட பல நகரங்களுக்கும் பணிபுரிகிறது. நகரம் மாவட்டத்துக்குள் சேர்வது இயலாத காரியமல்ல.

கிழக்குக் கான்ட்ரா கோஸ்டாவின் கதையும் இணைப்பின் திசையில்தான் சென்றது. 2022 ஜூலை முதல் நாள் அது கான்ட்ரா கோஸ்டா கவுண்டி தீயணைப்பு மாவட்டத்தோடு இணைந்தது. இணைத்துக்கொண்டதும் ஒரு மாவட்டமே. கவுண்டி மேற்பார்வையாளர்களே அதன் நிர்வாகக் குழு. பழைய பங்கு அப்படியே இருந்ததால், இணைப்பு மட்டும் புதிய பணத்தைக் கொண்டுவந்திருக்காது. 2020இல் கவுண்டி முழுவதும் வாக்களித்து ஏற்ற அரை விழுக்காடு விற்பனை வரியின் ஒரு பகுதி கிழக்குப் பகுதித் தீயணைப்புக்கு ஒதுக்கப்பட்டது. 1970களில் பூட்டிய பெட்டியை யாரும் திறக்கவில்லை. அதன் பக்கத்தில், கவுண்டியின் எல்லாக் கடைவீதிகளிலிருந்தும் காசு வந்து சேரும் இன்னொரு பெட்டியை வைத்தார்கள்.