மக்கள் நெருக்கம்: வகுக்கும் எண் மாறிவந்த வரலாறு

மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்தால் மக்கள் அடர்த்தி கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். எந்தப் பரப்பளவால் வகுப்பது என்ற கேள்விதான் இந்த அளவீட்டை இரு நூற்றாண்டுகளாக நகர்த்தி வந்திருக்கிறது.

அயர்லாந்தில் ரயில் பாதை எந்தத் தடத்தில் போகலாம் என்று ஆராய்ந்த ஆணையத்துக்காக, ராணுவப் பொறியாளர் ஹென்றி ட்ரூரி ஹார்னெஸ் 1837-இல் ஒரு நிலப்படம் வரைந்தார். ரயிலுக்குப் பயணிகள் வேண்டும். சதுப்பிலும் மொட்டை மலையிலும் பயணிகள் கிடையாது. ஆகவே அவர் நிர்வாக எல்லைகளை அப்படியே நிரப்பிவிடாமல், ஆளில்லாத இடங்களை ஒதுக்கிவிட்டு, குடியிருப்புள்ள பகுதிகளை நெருக்கத்துக்கேற்ப நிழலிட்டுக் காட்டினார்.

1851-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கணக்கெடுப்பு அறிக்கை வேறு பக்கம் திரும்பியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார். நெருக்கம் கூடக் கூட இறப்பு விகிதமும் கூடுவதைக் காட்டியவர் என்பதால், மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள இடைவெளி அவருக்கு முக்கியமாயிற்று. மக்கள் எல்லோரும் நாடெங்கும் சீராகப் பரவி நின்றால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் எத்தனை கஜம்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1801-இல் 153 கஜம், 1851-இல் 108 கஜம் என்றது அறிக்கை. லண்டனில் 21 கஜம் 14 ஆகச் சுருங்கியிருந்தது. ஆளுக்கு எத்தனை சதுர கஜம் என்று கண்டு, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 1.07-ஆல் பெருக்கினால் இந்த எண்களை இன்றும் சரிபார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் அறுகோண வடிவில் நிலம் பிரித்துக் கொடுத்தால் வரும் பெருக்கெண் அது. 1891 கணக்கெடுப்பு இன்னும் நெருங்கிப் பார்த்தது: ஐந்துக்கும் குறைவான அறைகள் கொண்ட வீடுகளில் எத்தனை அறை என்று கேட்டது. அறைக்கு இருவருக்கு மேல் என்றால் அது மிகை நெருக்கம். அளவுகோல் நிலத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஹார்னெஸின் வழியை 1936-இல் அமெரிக்கப் புவியியலாளர் ஜான் கே. ரைட், கேப் காட் தீபகற்பத்தில் இன்னும் நுணுக்கமாகச் செய்து காட்டினார். ஒவ்வோர் ஊரின் எல்லைக்குள்ளும் குடியில்லாத நிலத்தைக் கழித்து, மிச்சத்தையும் உட்பகுதிகளாகப் பிரித்தார். சாகுபடி நிலத்தால் மட்டும் வகுக்கும் முறையும் இதே சிந்தனையின் கிளைதான். எகிப்தில் சாகுபடி நிலம் ஏறத்தாழ 4 விழுக்காடு; பத்துக் கோடி மக்களை நாட்டின் முழுப் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 100 பேர், சாகுபடி நிலத்தால் வகுத்தால் 2,500 பேர்.

இவற்றிலெல்லாம் சராசரி எடுக்கப்பட்டது நிலத்துக்கு. மக்களுக்குச் சராசரி எடுத்தால் கதையே வேறு. ஒரு சதுர கிலோமீட்டரில் 900 பேர், பக்கத்து சதுர கிலோமீட்டரில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அடர்த்தி 500. ஆனால் பத்தில் ஒன்பது பேர் வாழ்வது 900 பேர் நெருக்கத்தில். ஆள்வாரிச் சராசரி 820. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் பெருநகரப் பகுதிகளை இப்படி அளந்தது. 2010 கணக்கில் வழக்கமான அடர்த்தி சதுர மைலுக்கு லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்பரப்பில் ஏறத்தாழ 7,000 பேர், நியூயார்க்கில் 5,300 பேர். லாஸ் ஏஞ்சலஸ்தான் நெருக்கமான ஊர் என்று இதை வைத்துச் சொன்னால், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நடந்தவர் ஒப்ப மாட்டார். ஆள்வாரிக் கணக்கில் நியூயார்க் பெருநகரம் 31,000-ஐத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலஸ் 12,000 அளவில் நின்றது. மனிதர் உணரும் நெருக்கத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் எளிய அளவு வேறில்லை என்பது என் கருத்து.

நிர்வாக எல்லையையே விட்டுவிட்டு, நிலத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து எண்ணுவது 1990-களில் புவியியலாளர் வால்டோ டோப்லர் குழுவின் உலகக் கட்டப் படத்தோடு பரவியது. 2020-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற வரையறையில், சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேராவது உள்ள கட்டங்கள் அடுத்தடுத்து அமைந்து மொத்தம் 50,000 பேராவது இருந்தால் அது நகர மையம். இந்தியக் கணக்கெடுப்போ, ஓர் ஊரை நகரமாகக் கொள்ளக் கேட்கும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தியை இன்னும் ஊர் எல்லையை வைத்தே பார்க்கிறது. பெரிய ஏரியோ காடோ எல்லைக்குள் விழுந்தால், நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் ஊரும் அந்த 400-ஐ எட்டாமல் கிராமமாகவே பதிவாகும்.