சிவப்புக் கோட்டின் மேல் எழுதப்பட்ட பெயர்கள்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் 1960 ஜூலையில் வெளியானது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. கதையின் உயிர்நாடி ஒரு வழக்கு. 1930-களின் அலபாமாவில், வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் கூண்டில் நிறுத்தப்படுகிறார். பெண்ணின் முகத்தில் காயம் வலப்பக்கம். டாமின் இடது கையோ சிறு வயதிலேயே பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப்போனது. பெண்ணின் தகப்பனைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அவர்தான் இடக்கைப் பழக்கக்காரர் என்று வக்கீல் ஆட்டிகஸ் ஃபிஞ்ச் காட்டிவிடுகிறார். அதற்குப் பிறகும் 12 வெள்ளைக்கார ஜூரிகள் 'குற்றவாளி' என்கிறார்கள்.

படித்தவர்கள் ஆட்டிகஸை மறப்பதில்லை. என்னை உறுத்துவது அந்த 12 பேர். அவர்களை அங்கே உட்கார வைத்தது யார்? நாவல் அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதே அலபாமாவில் நடந்த ஸ்காட்ஸ்பரோ வழக்கில் விடை இருக்கிறது.

1931 மார்ச் 25. பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேலை தேடி அலைந்த ஏழைகள் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சாட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிச் சென்ற அப்படியொரு ரயிலில் வெள்ளை, கறுப்பு இளைஞர்களுக்குள் கைகலப்பு. கீழே தள்ளப்பட்ட வெள்ளைக்காரர்கள் புகார் கொடுக்க, பெயின்ட் ராக் நிலையத்தில் துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் ரயிலை மறித்தது. கறுப்பினத்தவர் ஒன்பது பேர் பிடிபட்டார்கள். சிலருக்கு வயது 13-தான். அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இவர்கள் எங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

ஏப்ரல் 6-ல் விசாரணை தொடங்கியது. 9-ம் தேதிக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அவர்களுக்காக நின்ற டென்னசி வக்கீல், அலபாமா நடைமுறை தனக்குப் பழக்கமில்லை என்று கோர்ட்டிலேயே சொன்னார். முறையான வக்கீல் உதவி கிடைக்கவில்லை என்று 1932 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. மறுவிசாரணைக்கு நியூயார்க்கிலிருந்து சாமுவேல் லெய்போவிட்ஸ் வந்தார். ஆட்டிகஸைவிடத் திறமைசாலி என்றே சொல்வேன். 1933-ல் டிகேட்டர் நகரில், புகார் சொன்ன இருவரில் ரூபி பேட்ஸ் கூண்டேறி, எதுவுமே நடக்கவில்லை என்றார். ஜூரி அதையும் ஒதுக்கிவிட்டு, ஒன்பது பேரில் ஒருவரான ஹேவுட் பேட்டர்சனுக்கு மரண தண்டனையே கொடுத்தது. சாட்சியங்களை அலசிப் பார்த்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த தேர்தலில் அவருடைய பதவி போனது.

ஜூரி பட்டியல் என்னும் பதிவேட்டை லெய்போவிட்ஸ் விடாமல் துருவினார். ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரைச் சட்டம் போட்டு விலக்கக் கூடாது என்று 1880-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பட்டியலில் பெயர்தான் இல்லை. நேர்மையும் நல்லறிவும் உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. யாருக்கு அவை உண்டு என்று தீர்மானித்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். ஸ்காட்ஸ்பரோ இருக்கும் ஜாக்சன் மாவட்டத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஜூரியில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அங்கேயே பிறந்து முதுமையடைந்தவர்கள் சாட்சி சொன்னார்கள்.

உடனே அரசுத் தரப்பு பதிவேட்டை நீட்டியது. அதில் சில கறுப்பினத்தவர் பெயர்கள் இருந்தன! 1931-ல் புதிய ஜூரி ஆணையம் வந்தபோது, பழைய பட்டியல்கள் முடியும் இடங்களில் சிவப்பு மையால் கோடு கிழித்திருந்தார்கள். பெயர்கள் அந்தக் கோடுகளை ஒட்டியே இருந்தன. கையெழுத்து நிபுணர் ஒருவர் ஆராய்ந்தார். மை, சிவப்புக் கோட்டின் மேல் ஏறியிருந்தது. அதாவது, கோடு போட்ட பிறகுதான் பெயர்கள் நுழைந்திருக்கின்றன. ஹார்ட்டனுக்குப் பிறகு வந்த விசாரணை நீதிபதி அதை ஏற்க மறுத்தார்.

1935 பிப்ரவரியில் விவகாரம் வாஷிங்டனுக்குப் போனது. போலிப் பெயர்கள் என்று சொல்கிறீர்களே, நிரூபிக்க முடியுமா என்று தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் கேட்டார். லெய்போவிட்ஸ் பதிவேட்டையே கொண்டுவந்திருந்தார். நாட்டின் உச்ச நீதிபதிகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஒரு குமாஸ்தாவின் மைக்கோடுகளைப் பார்த்தார்கள். ஏப்ரல் 1-ல் தீர்ப்பு: கறுப்பினத்தவர் திட்டமிட்டே ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள், தண்டனை செல்லாது.

வெற்றிதான். ஆனால் 1936 ஜனவரியில் பேட்டர்சன் மறுபடி கூண்டில் நின்றபோது, அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர் சிலர் விலக்குக் கேட்டு ஒதுங்கினார்கள். மற்றவர்களை, காரணம் சொல்லத் தேவையில்லாத ஆட்சேப உரிமையைப் பயன்படுத்தி அரசுத் தரப்பு நீக்கியது. மறுபடியும் 12 வெள்ளைக்காரர்கள். 75 ஆண்டுச் சிறை. 1937-ல் நான்கு பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அதே புகார், அதே சாட்சியம் இருந்தும் மற்றவர்கள் உள்ளேயே கிடந்தார்கள். அவர்களில் ஒருவரான, பரோலில் வந்து தலைமறைவான கிளாரன்ஸ் நாரிஸுக்கு அலபாமா 1976-ல் மன்னிப்பு வழங்கியது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! தண்டனை பெற்றவர்களில் மேலும் மூவருக்கு 2013-ல் வழங்கியபோது அவர்கள் இறந்து பல காலம் ஆகியிருந்தது.

நிறத்தைப் பார்த்து ஜூரிகளை நீக்கும் அந்த ஆட்சேப உரிமைக்குக் கடிவாளம் போட்ட பேட்சன் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1986-ல்தான் வழங்கியது.