சுவர்கள் கூடும் மூலை: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

கட்டடக் கலையின் வரலாற்றை எழுதுவோர் விமானங்களையும் வளைவுகளையும் பற்றி விரித்துரைக்கும் அளவுக்கு, இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று சந்திக்கும் மூலையைப் பற்றி உரைப்பதில்லை; ஆயினும் வீடு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அம்மூலையைப் பொறுத்ததேயாதலால், அதனை மனிதன் கட்டக் கற்ற விதம் தனியே ஆராயத்தக்கது.

மொகஞ்சதாரோவின் சுட்ட செங்கற்களில் கனமும் அகலமும் நீளமும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்திருக்கின்றன. நீளம் அகலத்தின் இருமடங்காக இருந்தாலன்றி, ஒரு வரிசையை நெடுகவும் அடுத்த வரிசையைக் குறுக்காகவும் வைத்துச் சந்தின்மேல் சந்து வாராமல் கட்டுதல் எளிதன்று. மூலையிலோ இவ்விகிதத்தின் பயன் இன்னும் விசேஷமானது: ஒரு சுவரில் நெடுக ஓடிவரும் கல், திரும்பியவுடன் மற்றச் சுவரின் குறுக்குக் கல்லாகவே அமைந்துவிடுகிறது.

ஆங்கிலேயர் காலத்து மராமத்து இலாகாவினர் கையாண்ட 'இங்கிலீஷ் பாண்டு' இதே தத்துவத்தை நுணுக்கமாக வகுத்தது. 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் கொண்ட கல்லை நெடுக இரண்டாகப் பிளந்து, அந்த 2¼ அங்குலத் துண்டை மூலையின் முதற் குறுக்குக் கல்லுக்கு அடுத்து வைத்தால், அவ்வரிசையின் சந்துகளெல்லாம் கால் கல் அளவு நகர்ந்து, கீழ்வரிசைச் சந்துகளோடு சேராமல் விலகிவிடும். நடுவில் வந்து கூடும் குறுக்குச் சுவரோ, ஒரு வரிசையில் பிரதானச் சுவருக்குள் புகுந்தும் அடுத்ததில் அதன்மீது முட்டியும் ஏறும்.

இப்பிணைப்பு பாரத்தைத் தாங்கப் போதுமானது. பூகம்பத்தைத் தாங்கப் போதாது. நிலம் அதிரும்போது, அதிர்வுக்குக் குறுக்கே நிற்கும் சுவர் வெளியே சாய முற்பட, அதனை இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் பக்கச் சுவரோடு கூடும் மூலையின்மீது விழுவதால், அங்கேதான் முதலில் பிளவு காண்கிறது. 1931-இல் பலூசிஸ்தானத்து மாச் என்னுமிடத்தில் பூகம்பம் நேர்ந்தபின், எஸ். எல். குமார் என்ற ரயில்வே எஞ்சினீயர் இரும்புத் தண்டவாளங்களால் வலுவூட்டி அமைத்த குடியிருப்புகள், 1935 மே 31 அதிகாலையில் குவெட்டா நகரம் தரைமட்டமானபோதும் நிலைத்து நின்றன. கற்களுக்கிடையே இடம்விட்டுக் கம்பி நிறுத்திக் காரையிடும் 'குவெட்டா பாண்டு' அப்பேரழிவை ஒட்டியே புகழ்பெற்றது.

பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கென 1967-இல் வெளிவந்த இந்தியத் தர விதி 4326, பின்வந்த திருத்தங்களோடு, சுவர்கள் அனைத்தையும் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையையும் மூலைதோறும் செங்குத்துக் கம்பியையும் விதித்தது. அவ்விதியில் எம்மைப் பெரிதும் கவர்ந்தது, கொத்தனாருக்கென்றே கூறப்பட்ட ஒரு முறையாகும்: மூலைகளை முதலில் 600 மில்லிமீட்டர் உயரத்துக்குப் படிப்படியாகச் சரிவாக எழுப்பி, பின்னரே இடைச்சுவரை நிரப்புதல் வேண்டும், இயலாவிடில், ஏறத்தாழ 450 மில்லிமீட்டருக்கு ஒருமுறை இரு சுவர்களிலும் மாறிமாறிப் பல் விடுதல் (பின்னர் வரும் கற்கள் பொருந்துமாறு விளிம்பு நீண்டும் உள்வாங்கியும் நிற்க விடுதல்) வேண்டும். குறுக்குச் சுவரைப் பிறகு கட்டிக்கொள்ளலாமென்று தரை முதல் கூரை வரை பல் மட்டும் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே பெரிதும் உண்டு. அப்பற்களின் குழிகளில் சாந்து முழுமையாக நிறைவது அரிது.

கான்கிரீட் பட்டை வந்துவிட்டதால் கற்பிணைப்பைப் புறக்கணிக்கலாமென்று கருதுவது தவறு. பட்டைகளுக்கு இடைப்பட்ட உயரம் முழுவதும் மூலையைக் காப்பது அப்பிணைப்பே. ஆதலால் வீடு கட்டுவோர், பூச்சு வேலை தொடங்குமுன் ஒவ்வொரு மூலையையும் நேரில் கண்டு, வரிசைகள் மாறிமாறிப் புகுந்திருக்கின்றனவா என்று அவசியம் சோதித்துக்கொள்வாராக.