பிள்ளையின் ஆசிரியரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது?

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பையன் யாரை அடித்தான், எதை உடைத்தான் என்றுதான் மனம் ஓடும். பிரச்சினை வந்தால் மட்டுமே ஆசிரியரிடம் பேசிப் பழகியதன் விளைவு இது.

பள்ளித் தவணை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே வகுப்பாசிரியரை ஒரு முறை நேரில் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். வீட்டில் பிள்ளையைக் கவனிப்பவர் யார், பிள்ளைக்கு ஆஸ்துமா, பார்வைக் குறைபாடு போன்றவை உண்டா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று சொல்லி வையுங்கள். ஜோகூர்பாருவிலிருந்து விடிவதற்குள் கிளம்பிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தகப்பனால் காலை 10 மணிக்குக் கைப்பேசியை எடுக்க முடியாது. விவரம் தெரியாத ஆசிரியர் அதை அலட்சியம் என்றுதான் நினைப்பார். பாட்டி வளர்க்கும் பிள்ளை என்றால் பாட்டியின் எண்ணையும் கொடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது. எத்தனை 'ஏ' என்று எண்ணிய காலம் போய், வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை வந்துவிட்டது. அறிக்கையில் '3' என்று இருந்தால் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமலே கையொப்பமிட்டு அனுப்புபவர்கள் உண்டு. 3 என்பது எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை. 1, 2 என்றால் பிள்ளைக்கு இன்னும் உதவி தேவை. எண்ணோடு நிறுத்தாமல், "டீச்சர், இவனுக்கு எது வருகிறது, எதில் தடுமாறுகிறான், வீட்டில் நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறான்" என்று பதில் வந்தால், இரவில் பத்து நிமிடம் எதற்குச் செலவிடுவது என்பது தெளிவாகிவிடும்.

குறைநீக்கல் வகுப்புக்கு ஒப்புதல் கேட்டுக் கடிதம் வரும்போதுதான் பல வீடுகளில் மனம் உடைகிறது. "என் பிள்ளை என்ன மக்கா?" என்று கோபப்பட்டு, கையெழுத்துப் போட மறுப்பவர்களும் இருக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பின்தங்கும் மாணவர்களைச் சிறு குழுவாக அமர்த்திக் கற்பிக்கும் ஏற்பாடுதான் அது. தேறியதும் பிள்ளை வழக்கமான வகுப்புக்கே திரும்பிவிடும். இரண்டாம் ஆண்டில் கௌரவம் பார்த்து மறுத்துவிட்டு, ஆறாம் ஆண்டில் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஆசிரியரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆசிரியர்களும் இதைக் கடிதத்தோடு விட்டுவிடாமல் பெற்றோரை அழைத்து விளக்கலாம்.

புலனக் குழுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்புக்கு அவை நல்லவை. உங்கள் பிள்ளையின் குறையையோ அடுத்த பிள்ளை மீதான புகாரையோ முப்பது பேர் படிக்கும் இடத்தில் போடாதீர்கள். இரவு 11 மணிக்குக் குரல் பதிவு அனுப்பி, நீல நிறக் குறி விழுந்தும் பதில் இல்லையே என்று கோபப்படுவதும் வேண்டாம். ஆசிரியருக்கும் குடும்பம் உண்டு. வேலைநேரம் இடம் கொடுக்காத தோட்டத்துப் பெற்றோர், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

உடன்பாடு வரவில்லை என்றால் தலைமையாசிரியரைப் பாருங்கள். அதற்குப் பின்னரே மாவட்டக் கல்வி அலுவலகம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக்கு உதவும் அமைப்பு. ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்பதில் அது தலையிட முடியாது.

படிவம் ஒன்றுக்குப் போனதும் பெற்றோர் பள்ளிப் பக்கமே போவதில்லை. ஆசிரியர்களிடம் மலாயில் பேச வேண்டியிருப்பதும் ஒரு தயக்கம். தெரிந்த மலாயில் பேசுங்கள், யாரும் இலக்கணம் பார்க்கப் போவதில்லை. போனதும் தமிழ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கோரினால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம். அந்தக் கோரிக்கையை எழுத்துமூலம் கொடுத்து, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.